நூலைக் கடிங்க, மகள்

“கடிங்க மகள். முன்பல்லுக்கு நடுவில வைங்க. நான் சொல்லுமட்டும் விடப்படாது.”

அரைச் சாண் கறுப்பு நூல் அந்தப் பெண்ணின் உதடுகளிலிருந்து தொங்குகிறது. அவள் யார், எந்த ஊர், எங்கே போகிறாள் என்று ஐறிஸுக்குத் தெரியாது. பஸ் கதவின் தகர விளிம்பில் மாட்டி அவளுடைய அபாயாவின் பின்பக்கம் முழ நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. அது மட்டும் தெரியும். கிழிந்தது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. தெருவோடு போனவளை “நில்லுங்க மகள், திரும்பாதீங்க” என்று கூப்பிட்டு, சுவரோரம் நிறுத்தி, விளக்கம் எதுவும் சொல்லாமல் வாயில் நூலையும் கொடுத்தாயிற்று. முதுகுக்குப் பின்னால் ஊசி ஓடத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குச் சங்கதி விளங்குகிறது. கண்கள் விரிகின்றன. ஏதோ சொல்ல வருகிறாள். வாயில் நூல் இருக்கிறது.

“மறுகா கதைக்கலாம். இப்ப மூச்சை மட்டும் விடுங்க.”

புளியந்தீவில் கோட்டைப் பக்கம் போகும் தெருவொன்றில், நஸீரின் போட்டோக் கொப்பிக் கடை வாசற்படியில் ஐறிஸின் தையல் மெசின் நிற்கிறது. அறுபதைத் தாண்டிய, ஐரோப்பிய வழிவந்த பறங்கிப் பெண். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பூப்போட்ட கவுண். அதற்கு, ஆண்களின் சேட்டில் இருப்பதுபோல ஒரு கொலர். கொலர் அவரே வைத்துத் தைத்தது. அழகுக்காக இல்லை. அதன் மடிப்பில் ஊசிகள் வரிசையாகக் குத்தி நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கோத்தபடி. கறுப்பு அபாயாக்களுக்கு. வெள்ளை பள்ளிக்கூடச் சட்டைகளுக்கும் ஆசிரியர்மாரின் சேட்டுகளுக்கும். கருநீலம், நேர்முகப் பரீட்சைக்குப் போகிற பொடியன்மாரின் காற்சட்டைகளுக்கு. சிவப்பு, கலியாண வீட்டுக்குப் போகிற அவசரங்களுக்கு. பின்னேரங்களில் இவற்றைக் கோத்துவைப்பது கணவர் ட்றெவரின் வேலை. அவர் தச்சர்.

“நாள் முழுக்கப் பலகைக்குள்ள ஆணி இறக்கிற மனிசனுக்கு இந்தச் சின்ன ஓட்டைக்குள்ள நூலை விடுறது பெரிய பாடோ?” என்று ஐறிஸ் கேட்பார். ட்றெவர் நூல் நுனியை நாக்கில் நனைப்பார்.

இந்தத் தெரு கந்தோர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் வங்கிகளுக்கும் போகிற தெரு. மாங்கேணியிலிருந்தும் படுவான்கரையின் வயல் ஊர்களிலிருந்தும் வெள்ளாப்போடு பஸ் ஏறி வருகிறவர்கள் இதால்தான் நடக்கிறார்கள். எல்லோரும் இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அங்கேதான் பிரச்சினை என்பது ஐறிஸின் கணிப்பு. “நல்ல உடுப்புத்தான் முதல்ல கிழியும். அலுமாரிக்குள்ள கிடந்து கிடந்து இத்துப் போயிரிக்கும். தினம் போடுற சட்டை கிழியாது, அதுக்கு உலகம் தெரியும்.”

கழற்றிக் கொடுத்தால் கூலி உண்டு. காற்சட்டையின் நீளம் குறைப்பது, பள்ளிச் சட்டையின் இடுப்பைப் பிடிப்பது, பிளவுசின் கை இறக்குவது என்று வயிற்றுப் பாட்டுக்கு அது போதும். உடம்பில் இருக்கிறபடியே தைத்தால் கூலி இல்லை. வாயில் நூல் கொடுப்பதும் அப்போதுதான். இந்த இரண்டு சட்டங்களும் தாயிடமிருந்து வந்தவை. ஐறிஸின் தகப்பன் சவப்பெட்டி செய்தவர். தாய் பெட்டிக்குள் வெள்ளைத் துணி வைத்துத் தைத்தவர். விறைத்துப்போன உடம்பில் கோட்டும் கவுணும் ஏறாது. முதுகுப் பக்கம் வெட்டி, போட்டு, பிறகு உடம்போடு வைத்தே தைக்க வேண்டும். அதையும் தாய்தான் செய்தார்.

“செத்த ஆக்களுக்குத்தான் உடம்பில வச்சுத் தைக்கிற. உசிரோட இருக்கிற ஆளுக்குத் தைக்கிறதெண்டா நூலைக் கடிக்கக் குடுக்கணும். கடிச்சா, இது செத்த ஆளில்ல எண்டு தெரியும்.”

யாருக்குத் தெரியும் என்று ஐறிஸிடம் கேட்டால், “தெரிய வேண்டிய ஆக்களுக்கு” என்பார். கூலி வாங்காததற்கும் அதே கணக்கு. “அம்மா அந்த வேலைக்குக் காசு வாங்கினவ. நானும் வாங்கினா ரெண்டும் ஒண்டாப் போயிரும் எலுவா.”

வாயில் நூல் இருப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. யாரும் கதை சொல்ல முடியாது. எதற்காகப் போகிறீர்கள் என்று ஐறிஸ் கேட்பதே இல்லை. “கேட்டாச் சொல்லுவாங்க. சொன்னா அழுவாங்க. அழுதாத் தோள் ஆடும். தோள் ஆடினாத் தையல் கோணும்.” கடைசி முடிச்சைப் போட்டு, கத்தரிக்கோலால் ‘டிக்’ என்று வெட்டி, தோளில் ஒரு தள்ளு. “போங்க போங்க, நம்பர் போயிரும்.” நூலைத் துப்பிவிட்டு நன்றி சொல்லத் திரும்பும்போது ஐறிஸ் மெசினுக்குக் குனிந்திருப்பார்.

முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. முதுகுகள் நிற்கும். இந்த வருடத் தொடக்கத்தில் மாங்கேணியிலிருந்து தக்ஷாயினி என்றொரு பெண் கருவாட்டுப் பொதியோடு வந்து நின்றாள்.

“அன்ரி, என்னைத் தெரியுதா? அண்டைக்கு இன்ரவியூவுக்குப் போகக்குள்ள நீங்கதான் என்ட பிளவுசைத் தைச்சுவிட்டீங்க.”

ஐறிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

“திரும்புங்க பாப்பம்.”

திரும்பினாள். பச்சைப் பிளவுசின் தோள்மூட்டில் நீல நூல் சாய்ந்து ஓடியிருந்தது.

“ஓ, நீங்களா. பச்சை நூல் முடிஞ்சு நீலத்தில போட்டன். இன்னும் பிரிச்சுத் தைக்கல்லியா நீங்க?”

“விருப்பமில்ல அன்ரி. அது அப்பிடியே கிடக்கட்டும்.”

“கருவாடு என்ன கருவாடு?”

“கட்டாக் கருவாடு.”

“காசு மாதிரித்தான் அதுவும். வாங்கப்படாது,” என்றார் ஐறிஸ். சற்று யோசித்து, கொலரிலிருந்து ஓர் ஊசியை உருவினார். “அந்தப் பிளவுசை உள்ளுக்குப் போய்க் கழட்டித் தாங்க. பச்சையில தைச்சுத் தாறன். அதுக்குக் கூலியா எடுக்கலாம்.” தக்ஷாயினி மறுத்துவிட்டாள். கடைசியில் கருவாடு நஸீரின் வீட்டுக்குப் போயிற்று.

முதுகுகளை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு ஒரு குறை உண்டு. அதுதான் சென்ற வாரம் பிரச்சினையைக் கொண்டுவந்தது.

தெருக்களைக் கவனிக்கும் கந்தோரிலிருந்து உதயரூபன் என்ற உத்தியோகத்தர் வந்தார். முப்பது வயதுக்காரர், குரலை உயர்த்தாத ஆள். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர், ஐறிஸ் இரண்டு பெண்களை நடைபாதையில் நிறுத்தித் தைத்துக்கொண்டிருந்ததால் வழியில்லாமல் தெருவுக்கு இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த ஓட்டோ பிரேக் பிடித்ததால் தப்பினார்.

“அவர் கூப்பிட்டுப் பாத்தாராம் அன்ரி. நீங்க நிமிந்தே பாக்கல்லியாம்.”

நாற்காலியில் சாய்ந்திருக்கிறவரின் முதுகு யாருக்குத் தெரியும்.

“ஞாயம்தான் தம்பி. பிழை என்னிலதான்.”

“நானும் உங்களை எழுப்ப வரல்ல. கடைப் படிக்குள்ள இருந்து தைக்கிறதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க. இந்த நிப்பாட்டித் தைக்கிற வேலைதான். வாற செவ்வாய் கந்தோருக்கு வாங்க. இனி ஆக்களை நிப்பாட்டுறல்ல எண்டு பெரியவருக்கு முன்னால ஒரு சொல் சொன்னாக் காணும். சொல்லாட்டி மெசினை எடுக்கச் சொல்லத்தான் வேணும்.”

இவ்வளவையும் அவர் கையை அசைத்து அசைத்துச் சொன்னார். ஐறிஸின் பார்வை அந்தக் கையில் இருந்தது. வலது மணிக்கட்டில் சேட்டின் பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடியது.

“தம்பி, உங்கட தெறி விழப்போகுது. ஒரு நிமிசம், கையை இப்பிடித் தாங்க.”

உதயரூபன் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். “நான் தைக்க வரல்ல அன்ரி.”

அவர் போன பிறகு ஐறிஸுக்கு வேலை ஓடவில்லை. மெசினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அவர் வீடு பாலத்துக்கு அப்பால் முடுக்கொன்றின் கடைசி வீடு. கழற்றிக் கொடுக்கிற துணி அங்கேயும் தேடி வரும், பாதியாவது வரும். தெருவோடு போகிற முதுகு வராது.

அன்று பின்னேரமே ஒரு மாற்றம் செய்தார். கடைக்கும் பக்கத்து மதிலுக்கும் இடையில் கழிவுநீர்க் கானுக்கு மேல் போட்ட கொங்கிறீட் மூடி ஒன்று இருந்தது. ஓர் ஆள் நிற்க இடம் போதும். அதற்குப் பிறகு யாரைக் கூப்பிட்டாலும் அந்த மூடிமேல்தான் ஏற்றினார். கானின் நாற்றம் பிடிக்காமல் சிலர் நெளிந்தார்கள். “மூக்காலயும் மூச்சு விடாதீங்க” என்றார் ஐறிஸ். ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் நிமிர்ந்து தெருவின் இரண்டு பக்கமும் இடுப்புயரத்தில் ஒரு பார்வை பார்க்கவும் பழகினார்.

செவ்வாய்க்கிழமை சொல்வதற்கு ஒரு வசனமும் தயாராக இருந்தது. நஸீரிடம் சொல்லிக் காட்டினார்.

“நடைபாதையை விட்டுட்டன். ஆனா ஆக்களை விடமாட்டன்.”

நஸீர் போட்டோக் கொப்பி மெசினின் மூடியைச் சாத்தினார். ஐறிஸுக்குப் படியை வாடகையில்லாமல் கொடுத்திருப்பவர் அவர். “முதல் பாதி போதும் அன்ரி. ரெண்டாம் பாதியை வாய்க்குள்ளயே வச்சிருங்க.”

“ரெண்டும் சேந்ததுதானே வசனம்.”

“உங்களுக்கு வசனம் முக்கியமா, படி முக்கியமா? ஆக்கள் கிழிஞ்சா கிழிஞ்சபடி போகட்டும். ஊரில எல்லாரும் அப்பிடித்தானே போறாங்க.”

ஐறிஸ் யோசித்தார். முதல் பாதி மட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் ட்றெவர் இல்லை. கல்குடாவில் ஒரு விடுதிக்குக் கதவு போடும் வேலைக்குப் போய் இரண்டு நாளாயிற்று. ஐறிஸின் நல்ல கவுணுக்கும் அதே ஊசிக் கொலர் உண்டு, பின்பக்கம் சிப். கலியாணம் முடித்த நாளிலிருந்து அதை இழுத்துவிடுகிறவர் ட்றெவர்தான். ஐறிஸ் சிப்பின் நாக்கில் நூல் கட்டி, தோளுக்கு மேலால் இழுத்துப் பார்த்தார். ஏறிற்று. கழுத்துக்குக் கிட்டப் போய் மாட்டிற்று. அது போதும் என்று நினைத்துப் புறப்பட்டார். அலுமாரிக்குள் கிடந்த உடுப்பைப் பற்றி அவ்வளவு பேருக்குச் சொன்னவருக்குத் தன் கவுண் நினைவுக்கு வரவில்லை.

கடைக்கு வந்து மெசினுக்கு உறை போட்டுவிட்டுத் திரும்பி நடந்தபோது நஸீர் “அன்ரி” என்றார்.

“என்ன?”

நஸீர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “ஒண்டுமில்ல. குடையை விரிச்சுப் பிடிங்க. பின்பக்கமாச் சாய்ச்சுப் பிடிங்க.”

“வெயில் முன்னால அடிக்குது.”

“எண்டாலும் பின்பக்கமாப் பிடிங்க.”

ஆளுக்கு என்ன நடந்தது என்று நினைத்துக்கொண்டு ஐறிஸ் குடையை முன்னால் பிடித்து நடந்தார். களப்புக் காற்று முதுகில் இதமாக அடித்தது. வழியில் அவரைக் கடந்து எத்தனையோ பேர் போனார்கள். பார்த்திருப்பார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.

கந்தோர் விறாந்தையில் வாங்கு போட்டிருந்தார்கள். ஐறிஸ் உட்காரப் போகும்போது, மகனின் கடை விஷயமாக வந்து காத்திருந்த ஆயிஷா உம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். முன்பின் தெரியாத மனுஷி.

“தங்கச்சி, இருக்காதீங்க. முதுகுப் பக்கம் சிப்பு முழுக்க வாயைப் பிளந்திட்டு. மேலுக்கும் கீழுக்கும் மட்டும்தான் பிடிச்சிக்கிட்டு நிக்கிது.”

ஐறிஸின் கை தானாக முதுகுக்குப் போயிற்று. எட்டவில்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்த தெரு முழுவதும் அந்த நிமிடத்தில் அவருக்கு நினைவு வந்தது. நஸீரின் குடையும் விளங்கிற்று. சுவரோடு முதுகைச் சேர்த்து நின்றார்.

“இதுல ஊசி இருக்கே,” என்றார் ஆயிஷா உம்மா, கொலரைப் பார்த்து. “தாங்க, நான் தைச்சிடுறன்.”

“வேணாம் ராத்தா. உடம்பில வச்சு…”

“என்ன உடம்பில வச்சு?”

ஐறிஸ் சொன்னார். சவப்பெட்டி, அம்மா, விறைத்த உடம்பு, எல்லாம் இரண்டு வாக்கியத்தில். ஆயிஷா உம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எங்கட பக்கம் மையத்துக்குத் தையலே இல்ல தங்கச்சி. தைக்காத துணியிலதான் போற. அப்ப நான் தைச்சா உங்களுக்கு ஒரு பயமும் இல்ல. திரும்புங்க.”

ஐறிஸ் ஓர் ஊசியை உருவிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பிறகு, ஏதோ நினைத்து, நீல ஊசியிலிருந்து அரைச் சாண் நூலை அறுத்துத் தன் முன்பற்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். தாய்க்குப் பிறகு அவருடைய முதுகில் யாரும் ஊசி வைத்ததில்லை. ஆயிஷா உம்மாவின் தையல் நன்றாக இல்லை, அதை முதல் குத்திலேயே தெரிந்துகொண்டார். ஒன்றுக்கொன்று தூரம் கூடிய, சமையலறைத் துணி தைக்கிற தையல். சொல்லலாம் என்று வந்தது. வாயில் நூல்.

“ஐறிஸ் றொசைரோ,” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

நூல் அசைந்தது. சத்தம் வரவில்லை.

“ஐறிஸ் றொசைரோ. வரல்லியா?”

“இஞ்சதான் நிக்கிறா,” என்றார் ஆயிஷா உம்மா, ஊசியை நிறுத்தாமல். “கொஞ்சம் பொறுங்க. நடுவில விட்டாத் தைச்சதும் பிரிஞ்சிரும்.”

கதவைத் திறந்துகொண்டு உதயரூபன் வந்தார். அங்கே நடப்பதைப் பார்த்து நின்றார்.

“வெளிச்சத்தை மறைக்கிறீங்க மகன். அங்கால நில்லுங்க,” என்றார் ஆயிஷா உம்மா.

உதயரூபன் அங்கால் நின்றார். கொஞ்ச நேரம் தூணைப் பார்த்தார். பிறகு ஐறிஸின் முகத்துக்கு நேரே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“அன்ரி, நேத்து அந்தப் பக்கம் வந்து பாத்தன். கானுக்கு மேலதான் நிப்பாட்டுறீங்க. நடைபாதை காலியாத்தான் கிடக்கு. நான் பெரியவருக்கும் சொல்லிட்டன். ஆனா அவருக்கு அந்த ஒரு சொல் வேணும், இனி நிப்பாட்டித் தைக்கிறல்ல எண்டு. நீங்க உள்ளுக்கு வந்து பேசவும் தேவையில்ல. இதில நிண்டு ஓம் எண்டு தலையை ஆட்டுங்க, நான் போய்ச் சொல்றன். படி உங்கட.”

ஒரு தலையசைப்பு. வசனத்தின் இரண்டு பாதிகளில் எதையும் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் ஆயிஷா உம்மாவின் விரல்கள் சிப்பின் இரண்டு கரைகளையும் ஒன்றாகப் பிடித்து, அடுத்த குத்துக்கு இடம் தேடின. அந்த விரல்களில் வேப்பெண்ணெய் மணத்தது. யாரென்றே தெரியாத விரல்கள்.

ஐறிஸ் தலையை ஆட்டவில்லை. பார்வை கீழே இறங்கி, உதயரூபனின் வலது மணிக்கட்டில் நின்றது. பொத்தான் விழுந்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் சேட்டின் கையைக் கந்தோர் ஸ்டேப்ளரால் இரண்டு அடி அடித்து மூடியிருந்தார்கள். கம்பியின் கூர் பட்டுத் தோல் சிவந்திருந்தது.

அவரும் அதைக் கவனித்துக் கையை இழுக்கப் போனார். ஐறிஸ் பிடித்துக்கொண்டார்.

“அன்ரி,” என்று உதயரூபன் மறுபடியும் கேட்க வாயைத் திறந்தார்.

ஐறிஸ் மற்றக் கையால் கொலரிலிருந்து வெள்ளை நூல் ஊசியை உருவினார். நூலை விரலில் சுற்றி அரைச் சாண் அறுத்தார். தன் பல்லில் இருந்த நூலை விடாமலே, அந்த வெள்ளை நூலை உதயரூபனின் வாய்க்கு நேரே நீட்டினார்.